எதிர்மனுதாரர் என்று நான் எழுதிய அண்ணன்

சடையன் அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது அவன் கால்களில் வயல்சேறு இன்னும் காயவில்லை. மார்கழிக் குளிர். ஒற்றை ஜன்னல் வழியே பனி உள்ளே புகுந்து கோப்புகளை நமுத்துப்போகச் செய்துகொண்டிருந்தது. மலைமேல் செம்மேட்டில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை.

சுவரை ஒட்டிய பெஞ்சில் அவன் தங்கை ராமாயி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சலவை வேட்டியில் நான்.

அலுவலர் மனுவை உரக்கப் படித்தார். "மேற்படி எதிர்மனுதாரர், மனுதாரரைத் தகாத வார்த்தைகளால் திட்டியதோடு, 'இனி மரத்தின் பக்கம் வந்தால், குடும்பத்தோடு ஒழித்துவிடுவேன்' என்று மிரட்டல் விடுத்தார்."

சடையன் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தான். "நானா தங்கச்சி? நான் உன்னய மெரட்டுனனா?"

ராமாயி வாயைத் திறந்தாள். அதற்குள் அலுவலரின் பேனா மேசையைத் தட்டியது. "எதிர்மனுதாரர் மனுதாரர்கிட்ட நேரா பேசக் கூடாது. எதுவானாலும் எங்கிட்டச் சொல்லுங்க."

"அது எந் தங்கச்சிங்க."

"இங்க தங்கச்சியெல்லாம் கிடையாது."

சடையன் அந்த மிரட்டலை விடுக்கவில்லை. அவன் விடுத்ததாக ராமாயியும் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என்னுடையது. சொற்கள் மட்டுமல்ல, 'வந்தால்' என்பதற்குப் பின் நிற்கிற காற்புள்ளியும் என்னுடையது.

ஒரு சொற்பொழிவும் என் கைத்தட்டலும்

நான் எழுதிவரும் இத்தொடரில் இதுவரை என்னைக் குறைத்துக் காட்டும் வரி ஒன்றுகூட வந்ததில்லை. வாசகர் ஒருவர் அதைக் கடிதத்தில் நாசூக்காகச் சுட்டிக்காட்டியும் இருந்தார். மேற்கண்ட சம்பவத்தையும் நான் எழுதாமலேயே விட்டிருப்பேன். எழுத வைத்தது சமவெளியிலிருந்து வந்த ஒரு பேச்சாளர்.

அண்மையில் செம்மேட்டில் ஒரு கூட்டம். நாம் பேசும் மொழி நம் சிந்தனையை எப்படி வடிவமைக்கிறது என்பது தலைப்பு. முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பேச்சாளர் இளைஞர், மடிப்புக் கலையாத சட்டை, மலைக்கு அன்றுதான் முதன்முறை வருகிறார்.

"உங்கள் அன்றாடப் பேச்சில் 'உரிமை' என்ற சொல்லை நான் கேட்கவில்லை" என்றார் அவர். "சொல் இல்லாத இடத்தில் கருத்தும் இருக்காது. அதனால்தான் மலைமக்களுக்குக் கேட்கத் தெரிவதில்லை."

காலையில் வந்திறங்கி, மாலைக்குள் எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டு முடித்துவிட்டார்! டீக்கடையில் இரண்டு பேரிடம் வழி கேட்டிருப்பார். அதை வைத்து எங்கள் தலைக்குள் எது உண்டு, எது இல்லை என்று கணக்கெடுத்துவிட்டார்.

அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன். மேடையில் யார் எதைச் சொன்னாலும் தட்டுவது உத்தியோகக் காலத்துப் பழக்கம். வீடு வந்து சேரும்வரை அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு அங்கேயே எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

கொடி யாருடையது

அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில் எங்கள் ஊர் சிறியது. ராமாயியின் காடும் சடையனின் காடும் அடுத்தடுத்து. இடையில் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள். மரங்கள் சடையனுடையவை. அவற்றின்மீது ஏறியிருந்த மிளகுக் கொடிகள் ராமாயியுடையவை. அவள் கணவர் இறந்த வருடம், "சும்மா நிக்கிற மரந்தானே தங்கச்சி, கொடியை ஏத்திவுடு" என்று அண்ணனே சொல்லி, அவள் நட்டவை.

வெளியூர்க்காரருக்கு இது குழப்பமாகத் தோன்றலாம். எங்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. மரம் மண்ணுக்காரனுக்கு, கொடி நட்ட கைக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவனும் இதைச் சொல்வான். பேச்சாளர் தேடிய 'உரிமை' இதற்குள் இருக்கிறதா இல்லையா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

அந்தக் கார்த்திகையில் பெருங்காற்று அடித்துச் சடையன் வீட்டுக் கூரை சரிந்தது. குழந்தைகள் நனைகிறார்கள். அவசரத்தில் மூன்று மரங்களை வெட்டிவிட்டான். ராமாயி அன்று மகளின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க இராசிபுரம் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மரங்களோடு கொடிகளும் கிடந்தன. தை பிறந்தால் பறிக்க வேண்டிய சரங்கள். அன்று சாயங்காலம் அவள் என்னிடம் வந்தபோது, அவள் கைகளிலிருந்தும் புடவையிலிருந்தும் பச்சை மிளகு நசுங்கிய காரவாசம் வீசியது.

"எங்கண்ணன் இப்படிப் பண்ணிப்போட்டாருங்க சார். ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லீங்களா? சொல்லியிருந்தா நானே வந்து கொடியை எறக்கியிருப்பேனுங்களே."

நன்றாகக் கவனியுங்கள். அவளுடைய குறை மிளகு போனதைப் பற்றிக்கூட இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான்.

சார் ஆன கதை

அவள் என்னைச் சார் என்றதைக் கவனித்திருப்பீர்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள். அது தானாக வந்த பழக்கமன்று, நான் ஏற்படுத்தியது.

எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விடுதியில் சேர்ந்த முதல் வாரம், "ஊட்டுக்குக் காயிதம் போடோணும்" என்றேன். சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. அடுத்த மூன்றாண்டுகள் என் வாயிலிருந்து மலைப்பேச்சு ஒன்றும் வரவில்லை. பல்லைத் தேய்ப்பதுபோல் நாக்கைத் தேய்த்துக்கொண்டேன். மாவட்ட அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது, மாமா என்றும் அப்புச்சி என்றும் கூப்பிட்டவர்களுக்கு நான் திரும்பிப் பார்க்கவில்லை. சார் என்றவர்களுக்குத் திரும்பினேன். ஊர் சீக்கிரம் கற்றுக்கொண்டது.

பதிலுக்கு அவர்களுக்கு மனு எழுதித் தந்தேன். என் மனுக்கள் பெயர்பெற்றவை. என் முதல் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த பாடம் அது: "மனுவில் சூடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பிலேயே உறங்கிவிடும்." ஆகவே என் மனுக்கள் எல்லாவற்றிலும் யாராவது அத்துமீறுவார்கள், தகாத வார்த்தைகளால் திட்டுவார்கள், மிரட்டல் விடுப்பார்கள். எல்லா மனுக்களிலும் அதே வரிகள். படிக்கும் அலுவலருக்கும் அது தெரியும். கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' எழுதுவதுபோல என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ராமாயிக்கும் அப்படியே எழுதினேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "எதிர்மனுதாரருன்னா யாருங்க சார்?"

"உன் அண்ணன்தான்."

"எங்கண்ணன் வெய்யவே இல்லீங்களே. அன்னைக்கி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவேயில்லையே. என்னயப் பார்த்துட்டு அந்தப் பக்கமா எறங்கிப் போயிட்டாருங்க."

"அப்படி எழுதினால்தான் மனு நிற்கும், அம்மிணி."

"இன்னொருக்கா படிங்க."

இன்னொரு முறை படித்தேன். மூன்றாவது முறையும் கேட்டாள். அவள் தலை மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது. "ஆமாங்க சார். வாயில சொல்லலியே தவிர, அவன் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்துச்சு."

அண்ணன் என்று தொடங்கியவள் அவன் என்று முடித்தாள். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. கட்டைவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். என் எழுத்தின் வலிமையை எண்ணி அன்றிரவு பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.

முறை வைத்துக் கூப்பிடுதல்

இதற்கு ஊரில் வேறு வழி இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. பிராது சொல்ல எழுந்து நிற்பவர், எதிரில் இருப்பவரை முதலில் உறவுமுறை வைத்துக் கூப்பிட வேண்டும். அவரும் முறை வைத்தே பதில் சொல்ல வேண்டும். அண்ணா என்றால் என்ன தங்கச்சி. மச்சான் என்றால் சொல்லு மாப்ளெ. இருவர் வாயிலிருந்தும் முறை வந்த பிறகுதான் வழக்கு. ஒருவருக்கு வாய் வராவிட்டால் ஊர்க்கவுண்டர் எழுந்து துண்டை உதறுவார். கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். யார் மீதும் வற்புறுத்தல் கிடையாது.

இப்போது கூட்டம் வெள்ளிக்கிழமைதோறும் ரேஷன் கடையின் சிமெண்ட் தரையில் நடக்கிறது. நான் அதை வீண் சடங்கு என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். வாரக்கணக்கில் ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதைவிட ஒரு தாளில் நாலு வரி எழுதுவது மேல் என்று ராமாயியிடமும் சொன்னேன். அவளை அந்தக் கூட்டத்துக்குப் போகவிடாமல் தடுத்தவன் நான்.

அலுவலக விசாரணைக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரே தடத்தில் எதிரெதிரே வந்தால் ஒருவர் காட்டுக்குள் இறங்கி நின்றார். தை கடைசியில் ராமாயி மகளுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். தாய்மாமன் முன்னால் நின்றால்தான் மணமேடை. மாப்பிள்ளை வீட்டார் எடப்புளி நாட்டுக்காரர்கள். மாமன் வரவில்லை என்றால் நாளைத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். தள்ளிவைத்த கல்யாணம் எங்கே போய் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஊர்க்காரர் சிலர் சடையனிடம் போய்ப் பேசினார்கள். அவன் கூரைமேல் ஓடு மாற்றிக்கொண்டிருந்தானாம். இறங்காமலே கேட்டானாம்: "ஏனுங்க, எதிர்மனுதாரரு எப்படிங்க மாமன்சீர் கொண்டாருவாரு?"

இரண்டாவது மனு

ராமாயி மறுபடியும் என்னிடம் வந்தாள். மனுவைத் திரும்பப் பெற வந்திருப்பாள் என்றே நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னொண்ணு எழுதுங்க சார்."

"என்னவென்று?"

"எதிர்மனுதாரரு கல்யாணத்துக்கு வந்து மாமன் முறை செய்யோணும்னு ஆபீசுல உத்தரவு போடச் சொல்லி எழுதுங்க. சூடா எழுதுங்க. போன தடவை எழுதுன மாதிரி."

நான் பேனாவைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: 'மேற்படி எதிர்மனுதாரர் மனுதாரரின் மகளுக்குத் தாய்மாமன் ஆவார்' என்றுகூட எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் வரியைப் பார்த்தேன். நாற்பது வருடமாக எழுதிய எத்தனையோ வரிகளில், என்னை அருவருக்க வைத்த முதல் வரி அது.

அவளுக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

"இதற்கு உத்தரவு போட முடியாது, அம்மிணி."

"மரத்துக்குப் போட முடியுமுங்களா? மனுசனுக்குப் போட முடியாதுங்களா?"

பேச்சாளரே, கேட்கத் தெரியாதவர்கள் என்றீரே, இந்தக் கேள்விக்கு உம்மிடம் பதில் உண்டா? அவளுக்குக் கேட்கத் தெரியாமல் போகவில்லை. அண்ணனிடம் கேட்க வேண்டியதை அலுவலகத்திடம் கேட்கும்படி அவளை மாற்றியது, 'உரிமை' என்ற சொல் இல்லாத அவளுடைய பேச்சன்று. எல்லாச் சொற்களும் நிறைந்த என்னுடைய பேச்சு.

மூன்று வாரம்

அந்த வெள்ளிக்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போனேன். எனக்கு நாற்காலி கொண்டுவர ஓடினார்கள். வேண்டாம் என்று நின்றேன். ஒரு பக்கம் பெண்கள். அவர்களுக்கு நடுவில் ராமாயி. தூணோரம் சடையன்.

"நான் சடையனிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

ஊர்க்கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லுங்க சார். ஆனா முறை வெச்சுக் கூப்புடோணுமே. சடையன் உங்களுக்கு என்ன முறையாகோணுமுங்க?"

எனக்கு உடனே தெரியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மனிதன், பிறந்த ஊரில், ஐம்பது பேர் பார்த்திருக்க, விரல் மடக்கி உறவைக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அவன் தாய் எனக்குப் பங்காளி வீட்டுப் பெண்; தங்கை முறை. அப்படியானால் நான் அவனுக்குத் தாய்மாமன். ராமாயிக்கும் மாமன்தான். மாமனாகிய நான்தான் உட்கார்ந்து மருமகனை எதிர்மனுதாரர் ஆக்கியிருக்கிறேன்.

"மாப்ளெ" என்றேன். நாக்கு இடறியது.

சடையன் நிமிர்ந்து பார்த்தான். "சொல்லுங்க சார்."

ஊர்க்கவுண்டர் எழுந்தார். துண்டை உதறினார். கூட்டம் கலைந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. என்னைப் போன்ற ஒருவன் வலிய வந்து நிற்கிறான்; இவன் ஒரு சொல்லைக் கொடுக்க மறுக்கிறான்! வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். பாதி வழியில்தான் தெரிந்தது, மனத்துக்குள்கூட நான் மனுவின் வார்த்தைகளில்தான் திட்டிக்கொண்டிருந்தேன் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை சடையன் வரவேயில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தான். நான் எழுந்தேன். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "சூப்ரண்டு மூணு வாரமாச் சம்பளமில்லாம வேலைக்கு வராருங்கோ!" சிமெண்ட் தரை அதிரச் சிரித்தார்கள். ராமாயியும் சிரித்தாள்.

"மாப்ளெ" என்றேன்.

சடையன் என் கால்களைப் பார்த்தான். "சொல்லுங்க மாமா. நிக்க நிக்கக் கால் வலிக்கப் போவுது."

சொன்னேன். திட்டியது, மிரட்டியது எல்லாம் நான் சேர்த்தவை. ராமாயி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. எல்லா மனுவிலும் எழுதுவதையே அதிலும் எழுதினேன்.

"நீங்க எழுதுனதுன்னு அன்னைக்கே தெரியுமுங்க மாமா" என்றான் சடையன். "எங்க பேச்சுல அப்படி வெய்யவே வராதுங்களே. குடும்பத்தோடன்னா அதுல நானும்தானே வாரேன்?"

"தெரிந்துமா மூன்று வாரம் நிற்க வைத்தாய்?"

"நீங்க முறை வெச்சுக் கூப்புட்டு முப்பது வருசமாச்சுங்க. மூணு வாரத்துல என்ன கெட்டுப்போச்சு?"

பிறகு ராமாயி எழுந்து நின்றாள். "அண்ணா" என்றாள். "என்ன தங்கச்சி" என்றான் அவன். மீதமிருந்த மரங்களில் ஆனி மழைக்குப் புதுக்கொடி ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டான். மனு திரும்பப் பெறப்பட்டது. தை கடைசியில் மாமன் முன்னால் நிற்கக் கல்யாணம் நடந்தது. எனக்கும் ஒரு வேட்டி வைத்துக் கொடுத்தார்கள், மாமன் முறைக்கு.

மிச்சம்

இத்துடன் நிறுத்தியிருந்தால் என் மரியாதைக்கு நல்ல முடிவு. ஆனால் அந்தப் பேச்சாளருக்கு முழுப் பதிலாக இருக்காது.

மொழி சிந்தனையை மாற்றாது என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றும். என் கண்ணெதிரே மாற்றியது. ஆனால் அவர் நினைப்பதுபோல், எங்களிடம் இல்லாத சொல்லினால் அது நடக்கவில்லை. நாங்கள் கேட்காமலே எங்கள் வாயில் திணிக்கப்பட்ட சொல்லினால் நடந்தது. திணித்தவன் எங்களில் ஒருவன், அதுவும் படித்தவன், என்பதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து ராமாயி ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கோடு வந்தாள். நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க மாமா. எங்கண்ணன் அன்னைக்கு மெரட்டுனதை நான் மனசுல வெச்சுக்கலீங்க. மன்னிச்சுட்டேன்."

"அம்மிணி, அவன் மிரட்டவே இல்லை. அது நான் எழுதியது. கூட்டத்தில் உன் முன்னால்தானே சொன்னேன்?"

அவள் என்னைப் பரிவோடு பார்த்தாள். "நீங்க பெரிய மனசு பண்ணி உங்க மேல போட்டுக்கிட்டீங்க. எனக்குத் தெரியாதுங்களா? வெட்டுன மரத்துக்கிட்ட நின்னு அவரு சொன்னது இன்னும் காதுலயே இருக்குதுங்க."

"என்ன சொன்னான்?"

ராமாயி கூடையைக் கீழே வைத்தாள். கண்களை மூடி நினைவுகூர்ந்தாள். மலையில் எவரும் பேசாத தமிழில், ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னாள்:

"இனி மரத்தின் பக்கம் வந்தால், குடும்பத்தோடு ஒழித்துவிடுவேன்."

காற்புள்ளி விழுந்த இடத்தில் நிறுத்தி, மூச்சும் விட்டாள்.